‘புரூக்ளின்’ புதினத்தில் தாயகம் திரும்புதல்

1. முன்னுரை

அயர்லாந்தின் அண்மை நூற்றாண்டுகளின் வரலாறு பெருமளவு வெளியேற்றத்தின் வரலாறாகும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே தொகையினர் கடல் கடந்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1951க்கும் 1961க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் வந்தவர்களைக் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அயர்லாந்துக் குடியரசை விட்டுச் சென்றிருந்தனர். 1961இல் அதன் மக்கள்தொகை 28 இலட்சமாகச் சுருங்கியது. மணமாகாத இளம் பெண்கள் தனித்தே பெருந்தொகையில் புறப்பட்டமை இவ்வெளியேற்றத்தின் தனித்தன்மை எனலாம்.

சென்றவர் மீளும் கதை ஐரிஷ் இலக்கியத்திற்குப் புதிதன்று. ஜார்ஜ் மூர் 1903இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பில், நியூயார்க்கிலிருந்து நோயுற்று ஊர் மீளும் ஒருவன், அங்கே மணமுடிக்க எண்ணியும் நிலைக்க இயலாது மீண்டும் அமெரிக்கா சேர்கிறான். ஜான் ஃபோர்டு 1952இல் இயக்கிய ‘அமைதியான மனிதன்’ திரைப்படத்திலோ மீண்டவன் ஊரில் நிலைபெறுகிறான். இரண்டிலும் மீள்பவர் ஆண். தங்குவதும் நீங்குவதும் அவனது விருப்பம். கொலம் டோபீன் 2009இல் வெளியிட்ட ‘புரூக்ளின்’ புதினம் மீள்பவரைப் பெண்ணாக்குகிறது. அதனால் வினாவும் மாறுகிறது. அவள் எதை விரும்புகிறாள் என்பதைவிட, அவளை எதற்காக ஊர் ஏற்கிறது என்பதே இங்கு முதன்மை பெறுகிறது.

2. வெற்றிடமும் மீட்சியும்

கதை 1950களின் தொடக்கத்தில் வெக்ஸ்போர்டு மாவட்டத்தின் என்னிஸ்கார்த்தி என்னும் சிறு நகரில் தொடங்குகிறது. இது 1955இல் பிறந்த ஆசிரியரின் சொந்த ஊருமாகும். தந்தையை இழந்த எய்லிஷ் லேசிக்கு ஊரில் தக்க வேலையில்லை. உடன்பிறந்த ஆடவர் இங்கிலாந்தில் பிழைக்கின்றனர். தமக்கை ரோஸ், அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிளட் பாதிரியார் வழியாக அவளைப் புரூக்ளினுக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறாள். அங்கே துணிக்கடை விற்பனையாளராகும் எய்லிஷ், மாலைக் கல்லூரியில் கணக்குப் பதிவு பயில்கிறாள். இத்தாலிய வழிவந்த குழாய்ப் பணியாளன் டோனியை விரும்புகிறாள். ரோஸ் திடீரென இறந்த செய்தி வருகிறது. தாயைக் காணப் புறப்படும் முன், டோனியின் வேண்டுகோளுக்கு இணங்கி அவனை எவரும் அறியாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறாள்.

ஊரில் அவளுக்குக் கிடைக்கும் வரவேற்பு நுட்பமாகப் படைக்கப்பட்டுள்ளது. முன்பு அவளுக்கு மறுக்கப்பட்டவை யாவும் இப்போது எளிதில் வந்து சேர்கின்றன. ரோஸ் பணிபுரிந்த ஆலை அலுவலகத்தில் வேலை கிடைக்கிறது. முன்பு அவளைப் பொருட்படுத்தாத ஜிம் ஃபாரல் மணம் பேச முன்வருகிறான். ஆயின் இவை எய்லிஷுக்கென ஏற்பட்ட இடங்கள் அல்ல. வேலையும் வீட்டில் மகளுக்குரிய இடமும் ரோஸ் விட்டுச் சென்றவை. இறந்தவளின் வெற்றிடத்தை நிரப்பும் நிபந்தனையுடனேயே உயிருடன் இருப்பவளை ஊர் ஏற்கிறது. தாய் புரூக்ளின் வாழ்வைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் அவ்வாழ்வு மெய்யாகிவிடும் என்பதே இம்மௌனத்தின் பொருளாகலாம். டோனியின் மடல்களை எய்லிஷ் பிரிக்காமல் இழுப்பறையில் வைப்பதும் அம்மௌனத்தின் தொடர்ச்சியே. ரோஸ் தன் இதயநோயை மறைத்தாள்; எய்லிஷ் தன் மணத்தை மறைக்கிறாள். மறைத்தலே இக்குடும்பத்தில் அன்பு வெளிப்படும் முறையாகவும் அதன் அழிவாகவும் அமைகிறது.

3. வந்தாளா, போனாளா?

இப்புதினத்தைத் தமிழ்வழிச் சிந்திக்கும்போது ஒரு மொழியியல் உண்மை துலங்குகிறது. தமிழில் ‘திரும்பு’ என்னும் வினை பெரும்பாலும் ‘வா’ என்பதனோடோ ‘போ’ என்பதனோடோ இணைந்தே திசை பெறுகிறது. தரவும் வரவும் தன்மை, முன்னிலை இடங்களுக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுக்கும். ஆகவே ஒருவர் திரும்பியதைக் கூறுவோர், தாம் நிற்கும் இடத்தையும் அவரோடு தமக்குள்ள உறவையும் உடன் கூறிவிடுகின்றனர்.

எய்லிஷ் ஊர் சேர்ந்தபோது தாயின் நோக்கில் மகள் திரும்பி வந்தாள். புரூக்ளின் விடுதித் தலைவியின் நோக்கில் அவள் திரும்பிப் போனாள். புதினத்தின் இறுதியில் இது தலைகீழாகிறது. எய்லிஷ் உண்மையைக் கூறியதும், தாய் சில வினாக்களோடு நிறுத்திக்கொண்டு, காலையில் காண வேண்டாமென அன்றிரவே விடைபெற்றுவிடுகிறாள். மறுநாள் தொடர்வண்டியில் அமர்ந்த எய்லிஷ், தன்னைத் தேடிவரும் ஜிம்மிடம் தாய் என்ன சொல்வாள் என எண்ணிப் பார்க்கிறாள். மகள் புரூக்ளினுக்கே திரும்பிப் போய்விட்டாள் என்பதே அம்மறுமொழி. ‘திரும்பி’ என்பதால் புரூக்ளின் அவளது இயல்பான இடமாகிறது. ‘போய்விட்டாள்’ என்பதால் மகள் படர்க்கையாகிறாள். தாயகம் என்னும் சொல்லின் முதற்பகுதி எவ்வளவு பொருளுடையது என்பதை இவ்விடம் காட்டுகிறது. தாயகத்தை வரையறுக்கும் உரிமை தாயிடமே இருக்கிறது. அவள் அதனை ஒரு வினைச்சொல்லால் மாற்றிவிடுகிறாள்.

4. ஒரு தடையும் விடையும்

எய்லிஷ் தானே முடிவெடுப்பதில்லை என்பது இப்புதினத்தின் மீது கூறத்தக்க குறை. அவள் முன்பு வேலை செய்த கடையின் உரிமையாளர் செல்வி கெல்லி, புரூக்ளின் விடுதித் தலைவி திருமதி கியோவின் உறவினர். மறைந்த மணம் அவ்வழியே வெளிப்படுகிறது. இத்தற்செயல் கதைத்தலைவியைத் தேர்வின் சுமையிலிருந்து விடுவிக்கிறது எனலாம். ஆயின் இதற்குக் கதைக்குள்ளேயே நியாயம் உண்டு. எய்லிஷை அமெரிக்கா அனுப்பியதும் தமக்கை, பாதிரியார், ஊர்க்காரர் விடுதி என்னும் உறவு வலையே. வாய்ப்பை ஏந்திச் சென்ற அதே வலை கண்காணிப்பையும் ஏந்தி வருகிறது. கறுப்பினப் பெண்களைக் கடை முதன்முதலாக வாடிக்கையாளராக ஏற்கும் பகுதி விரிவின்றி நின்றுவிடுவது இதனினும் மெய்யான குறையாகும்.

5. முடிவுரை

2015இல் ஜான் கிரௌலி இயக்கிய திரைப்படம் டோனியும் எய்லிஷும் மீண்டும் இணைவதைக் காட்டி நிறைவுறுகிறது. புதினம் தொடர்வண்டியிலேயே நின்றுவிடுகிறது. எது செம்மையானது என்பதற்கு ஆசிரியரே 2024இல் ‘லாங் ஐலண்ட்’ என்னும் தொடர்ச்சிப் புதினத்தால் விடையளித்தார் எனலாம். 1976இல் நிகழும் அக்கதையில், கணவனின் உற்றார் சூழ்ந்த வீட்டிலும் எய்லிஷ் அயலாளாகவே இருக்கிறாள். டோனியால் வேறொருத்தி கருவுற்றதை அறிந்து, தாயின் 80ஆம் பிறந்தநாளை ஒட்டி மீண்டும் என்னிஸ்கார்த்தி வருகிறாள். அவள் வாங்கித் தரும் வீட்டுச் சாதனங்களைத் தாய் பயன்படுத்த மறுக்கிறாள். மகள் வந்திருக்கிறாள், அவள் கொண்டுவந்த வாழ்வு வாயிலிலேயே நிற்கிறது.

இவ்விரு புதினங்களையும் இரு ஆடவருக்கு இடையே ஒரு பெண் தேர்ந்தெடுக்கும் காதற்கதையாக மட்டும் காண்பது பொருந்தாது. புலம்பெயர்ந்தோரின் மீட்சி அவரது பயணத்தால் முழுமையடைவதில்லை. ‘வந்தாய்’ என்று சொல்ல ஒருவர் எதிரே நின்றால்தான் முழுமையடைகிறது. அச்சொல் கிடைக்காதவளின் கதையை ஆரவாரமின்றிக் கூறியதே டோபீனின் சிறப்பாகும்.