பிடிமண்ணும் அகத்தூண்டுதலும்

1

கைவினைப் பொருட்காட்சிகளில் பொருளோடு சேர்த்து ஒரு சிறிய அட்டையையும் தொங்கவிடுகிறார்கள். செய்தவர் பெயர், ஊர். அதற்குக் கீழே, மரபிலிருந்தும் இயற்கையிலிருந்தும் இவர் அகத்தூண்டுதல் பெறுகிறார் என்பதாக ஒரு வரி. கோரைப்பாய் முடைபவருக்கும் அதே வரிதான், குத்துவிளக்கு வார்ப்பவருக்கும் அதே வரிதான். விலை அட்டையின் பின்பக்கம் இருக்கிறது. அந்த வரியைக் கைவினைஞர் சொல்லியிருக்க மாட்டார் என்பது நமக்குத் தெரியும். வாங்குகிறவர் நிம்மதியாக வாங்குவதற்காக எழுதப்பட்ட வரி அது. 'அகத்தூண்டுதல்' என்ற இந்தச் சொல் யாருடைய சொல், அது எதைப் பேசவிடாமல் செய்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்யும் வேளார்களை எடுத்துக்கொள்வோம். சில வருஷங்களுக்கு முன் அப்பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் நானும் அந்த அசட்டுக் கேள்வியைக் கேட்டேன். "குதிரை செய்யணும்னு உங்களைத் தூண்டுறது எதுங்கய்யா?" அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தூண்டுறதுக்கு என்ன தம்பி இருக்கு? பிடிமண்ணு குடுத்தா குதிரை. குடுக்கலேன்னா சட்டி பானை."

இதைவிடத் துல்லியமான கலைக்கோட்பாட்டை நான் கேட்டதில்லை.

2

பிடிமண் என்பது ஊர், குயவரிடம் கொடுக்கும் ஒரு கைப்பிடி மண். வெற்றிலை பாக்கோடு, காணிக்கையோடு அது கைமாறும்போது புரவியெடுப்பு தொடங்கிவிடுகிறது. அதன்பிறகு செய்யாமல் இருக்க முடியாது. களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, கால்களை உருளைகளாக எடுத்து நிறுத்தி, அவற்றின் மேல் வயிற்றை வளைத்துக் கட்டி, பலகையால் தட்டித் தட்டி உயர்த்துகிறார்கள். உள்ளே வெற்றிடம். சூட்டில் வெடிக்காமலிருக்க ஆங்காங்கே துளை. வைக்கோலும் வரட்டியும் அடுக்கிச் சுட்டு, வண்ணம் பூசி, கடைசியில் கண் திறக்கிறார்கள். சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலுக்கு இன்றும் புரவிப்பொட்டலிலிருந்து குதிரைகளை ஆட்கள் சுமந்துகொண்டு போகிறார்கள். கோயிலில் கொண்டுபோய் வைத்தபிறகு யாரும் அவற்றைப் பராமரிப்பதில்லை. மழையில் ஊறி, காது உடைந்து, கால் மடங்கி, பழைய குதிரைகளின் சிதிலத்துக்குப் பக்கத்திலேயே புதிய குதிரைகள் வந்து நிற்கும். நமுணசமுத்திரத்தை அடுத்த இளங்குடிப்பட்டியில் அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தவர்களுக்கு இது தெரியும்.

வால்டர் பெஞ்சமின் 1936-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற கட்டுரையில், கலைப்பொருளின் ஒளிவட்டம் சடங்கில் வேர்கொண்டது என்றும், இயந்திரப் பிரதியெடுப்பு அதை உதிர்த்துவிடுகிறது என்றும் வாதிட்டார். அய்யனார் குதிரை இந்தச் சட்டகத்துக்குள் அடங்க மறுக்கிறது. இது முழுக்கச் சடங்குப் பொருள். ஆனால் 'மூலம்' என்று போற்றிக் காக்கப்படும் ஒரு குதிரை எங்கும் கிடையாது. இங்கே எல்லாமே பிரதிகள். புனிதம் குதிரையில் தங்குவதில்லை. மண் கைமாறும் நேரத்திலும் கண் திறக்கும் நேரத்திலும் அது நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அழியவிடுவதால்தான் அடுத்த பிடிமண் வருகிறது, குயவருக்கு அடுத்த வேலையும் வருகிறது. ஆகவே ஒரு குதிரையைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் அருங்காட்சியகம், காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு சுழற்சியை நிறுத்துகிறது. அது வாங்கி வைத்திருப்பது ஒரு விடையை. கேள்வி ஊரிலேயே கிடக்கிறது.

3

கைவினைஞரைப் பற்றி நம் அறிவுலகம் இரண்டு கதையாடல்களை வைத்திருக்கிறது.

ஒன்று ஆனந்த குமாரசாமியுடையது. கொழும்பில் பிறந்த இந்தத் தமிழர் மகன், வில்லியம் மோரிஸின் தாக்கத்தோடு 1909-இல் 'தி இண்டியன் கிராஃப்ட்ஸ்மேன்' என்ற நூலை எழுதினார். தொழிற்சாலையின் கூலியாளாகச் சிதைக்கப்பட்ட மனிதனுக்கு எதிராக, பெயரற்ற, பேராசையற்ற, தன் குலத்தொழிலையே வழிபாடாகக் கொண்ட கைவினைஞனை நிறுத்தினார். காலனிய ஏளனத்துக்கு அது சரியான பதிலடிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெயரின்மை அவன் தேர்ந்தெடுத்ததா? பெயர் கேட்கப்படாதவனைப் பெயர் துறந்தவன் என்று புகழ்வது, பட்டினி கிடப்பவனை விரதமிருப்பவன் என்று சொல்வதைப் போன்றது.

இரண்டாவது, காலரிகளின் கதையாடல். அது பெயர் கொடுக்கிறது, கையெழுத்துக் கேட்கிறது, 'இவருக்குள் ஒரு மேதை' என்கிறது. மத்தியப் பிரதேசத்துப் பட்டாங்கட்டைச் சேர்ந்த பர்தான் கோண்டு ஓவியர் ஜங்கட் சிங் ஷியாம் 1980-களின் தொடக்கத்தில் போபால் பாரத் பவனுக்கு வந்தார். 1989-இல் பாரிஸ் கண்காட்சிவரை போனார். ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது 2001-இல் தற்கொலை செய்துகொண்டார். அந்த மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கற்பிக்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் மரபுக்குள்ளிருந்து ஒருவரைத் தனியே பிரித்தெடுத்து 'கலைஞர்' என்று அழைத்தபிறகு, அவர் எங்கே நிற்கிறார், யாரிடம் பேசுகிறார், யார் அவருக்குப் பொறுப்பு என்ற கேள்விகளை அது எல்லோர் முன்பும் கொண்டுவந்து போட்டது.

முதல் கதையாடலில் தூண்டுதல் மரபிலிருந்து வருகிறது. இரண்டாவதில் மனசுக்குள்ளிருந்து வருகிறது. மண் எங்கிருந்து வருகிறது, கூலி எவ்வளவு என்று இரண்டும் கேட்பதில்லை. பெரியவரின் பதில் இரண்டையும் தாண்டிப் போகிறது. அவருடைய தூண்டுதல் ஓர் உறவு. கண்மாய்க்கும் ஊருக்கும் குயவருக்கும் சாமிக்கும் இடையிலான கடப்பாடு.

4

இந்த இடத்தில் பரவசப்பட்டுவிட்டால் கட்டுரையை இனிதே முடித்துவிடலாம். 'ஊர்' என்று சொன்னோமே, அது யார்? பிடிமண் கொடுக்கும் உரிமை கோயிலில் முதல் மரியாதை உள்ளவர்களிடம் இருக்கிறது. எந்தச் சாதி முன்னால், எந்தத் தெரு பின்னால், எந்தத் தெரு வெளியே என்பதெல்லாம் அந்தக் கைப்பிடி மண்ணுக்குள் இருக்கிறது. எத்தனையோ கோயில்களில் வேளாரே பூசாரி. கண் திறக்கும் நாளில் ஊரே அவர் கையைப் பார்த்து நிற்கும். மறுநாள் காலையில் பானை விலைக்குப் பேரம் பேசும் அதே ஊர்தான். கடப்பாடு என்ற அழகான சொல்லுக்குள் ஊழியம் என்ற சொல்லும் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெரியவரின் வீட்டில் மண் மிதித்ததும் சலித்ததும் பெண்கள். மகள் ஒருத்தி குதிரைக் கழுத்தை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தாள். விரிசல் விடாமல் ஒட்டுவதுதான் கஷ்டமான வேலை என்று அவரே சொன்னார். "சக்கரத்துல உக்காருமா பாப்பா?" என்று கேட்டேன். "பொம்பளைப் பிள்ளைக உக்காரக் கூடாதும்பாங்க" என்றார். அந்தப் பெண் தலை நிமிராமலே சொன்னது: "கழுத்து மட்டும் நாங்க ஒட்டலாமாம்." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையில் அப்பா பெயர்தான் இருக்கும்.

5

இப்போது அரசின் மொழிக்கு வருவோம். 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் குயவர் உள்ளிட்ட 18 தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்ப வழியில் தொழில் செய்து வருபவர்களுக்குக் கடனும் பயிற்சியும் என்றது. 18 வயதிலேயே சேரலாம். தமிழ்நாட்டுக்கு இந்த வாசனை பழக்கமானது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்து, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954-இல் கைவிடப்பட்ட திட்டத்தை இந்த மண் மறக்கவில்லை. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கக் கோரி, அப்படியே ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் மாநில அரசு எழுதியது. 2025-இல் குலத்தைக் கேட்காத, 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இது சரியான அரசியல்.

ஆனால் திட்டப் படிவத்தில் சாதியை நீக்குவதோடு வேலை முடிந்துவிடாது. பிறப்பையும் திறமையையும் அறுத்துப் பிரிக்கும்போது, கண்மாயையும் சேர்த்து அறுத்துவிடும் அபாயம் இருக்கிறது. மண் எடுப்பதே கனிம வளச் சட்டத்தின் கீழ் அனுமதிச் சீட்டு விவகாரமாகிவிட்ட காலம் இது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று 2024-இல் அரசு இலகுவாக்க வேண்டி வந்ததே, எவ்வளவு தூரம் அலைந்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. மண் இல்லாதவனிடம் போய் அகத்தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களை என்ன சொல்ல?

அய்யனார் கோயில்களில் சிமெண்டுக் குதிரைகள் எழும்புகின்றன. அவை மழையில் கரையாது. ஒருமுறை செய்தால் போதும், அடுத்த பிடிமண் தேவையில்லை. மரபு அழிகிறதே என்று ஒப்பாரி வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பிடிமண்ணில் சாதி இருந்தது. ஆனால் செய்பவனும் செய்யச் சொல்பவனும் முகம் பார்த்து நின்ற ஓர் ஏற்பாடும் அதில் இருந்தது. முன்னதை ஒழித்துப் பின்னதை மீட்க முடியுமா என்பதே கைவினை பற்றிய நம் காலத்தின் கேள்வி. பிடிமண்ணை எந்தத் தெருவும் கொடுக்கலாம், யார் வேண்டுமானாலும் வாங்கலாம், சக்கரத்தில் அந்த மகளும் உட்காரலாம் என்று ஆகும்வரை, அட்டையில் உள்ள அந்த இரண்டாவது வரியை அடித்துவிட்டு மண் வந்த கண்மாயின் பெயரையும், மிதித்தவர், ஒட்டியவர் பெயர்களையும், கொடுத்த கூலியையும் எழுதச் சொல்லலாம். வாங்குகிறவரின் நிம்மதி கொஞ்சம் குறையும். குறையட்டும்.