எம்.பி.எஸ். கட்டிய சேர்ந்திசை

பழைய திரைப்பாடல் ஒன்றைக் கேட்கும்போது பாடகரின் குரலைச் சற்று விட்டுவிட்டு, பின்னால் ஓடும் வயலின்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அத்தனை வில்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். எதுவும் தனியே துருத்தாது. அப்படித் துருத்தாமல் வாசிப்பதற்கு வேண்டிய வித்தை கொஞ்சநஞ்சமல்ல. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் வளர்த்தெடுத்த தனிக் கலை அது.

அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக அமர்ந்துதான் பதிவு செய்தார்கள். முடியும் தறுவாயில் தபேலாவில் ஓர் அடி பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் கைக்கு வந்த நோட்ஸை மதியத்துக்குள் இசையாக்கிவிட வேண்டும். தேவாலயத்தில் வயலின் பழகியவரும், கச்சேரி மரபில் வீணை கற்றவரும், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவரும் ஒரே மைக்கை நம்பி வாசித்தார்கள். இசைத்தட்டின் உறையில் இவர்கள் பெயர் இருக்காது.

பெயரில்லாத இந்தக் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று உழைத்தவர் எம்.பி.எஸ். என்கிற எம்.பி. சீனிவாசன். இடதுசாரி இயக்கத்திலிருந்து இசைக்கு வந்தவர். ‘சின்னமூல்’ என்ற வங்கப் படத்தை இயக்கிவிட்டுச் சென்னையில் குடியேறிய நிமாய் கோஷும் அவரும் தோழர்கள். திரைத் தொழிலாளரைத் திரட்டியதில் இருவருக்குமே பெரும்பங்கு உண்டு. 1960-ல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசை எம்.பி.எஸ். அதில் ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ இன்றும் வாடாமல் இருக்கிறது.

திரை இசைக் கலைஞர்கள் சங்கத்தின் வழியே அவர் நிலைநாட்டிய நெறி எளிமையானது: வாசித்தவருக்கு அன்றைய ஊதியம் அன்றே கைக்கு வரவேண்டும். ஏஜென்ட் பின்னாலும் தயாரிப்பாளர் அலுவலகத்துக்கும் அலைந்த மனிதனுக்கு அந்த நெறி என்ன தந்திருக்கும்? கவலையில்லாத ஒரு கால்ஷீட். கவலையில்லாத கைக்குத்தான் பக்கத்துக் கையைக் கேட்டு வாசிக்க முடியும். நாம் கேட்டு மயங்கும் அந்த இழைவில் சங்கத்துக்கும் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதே மனிதர்தான் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவையும் உருவாக்கினார். பாரதி பாடலையும் பிற இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல் பகுதிகளாகப் பிரித்துப் பாடவைத்தார். ஒரு பகுதி மேலே போகும், இன்னொன்று கீழே நிற்கும், மூன்றாவது குறுக்கே வரும். ஒவ்வொருவரும் தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்தவர் சுரத்துக்கும் இடம்விட வேண்டும். சங்கம் நடத்தவும் இதே குணம்தானே வேண்டும்? எம்.பி.எஸ்ஸுக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

கலைஞர்கள் சங்கமாகச் சேர்வது புதிதல்ல. கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தில் ‘டயோனைசஸின் கலைஞர்கள்’ என்ற சங்கங்கள் இருந்தன. ஏதென்ஸிலும், பிறகு தியோஸ் நகரிலும் வலுவாக வேரூன்றின. கவிஞர், நடிகர், குழலிசைப்பவர், ஆடை அமைப்பவர் எல்லோரும் அவற்றில் உறுப்பினர். ஊர்விட்டு ஊர் போகும்போது பாதுகாப்பும் வரிவிலக்கும் கேட்டு வாங்கினார்கள். கலைஞன் நிம்மதியாக இருந்தால்தான் விழா சிறக்கும் என்று அந்த நகரங்களுக்குத் தெரிந்திருந்தது.

1988-ல் எம்.பி.எஸ். மறைந்தார். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ போன்ற படங்களுக்கு அவர் தந்த இசையைப் பற்றிப் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். ஆனால் அவருடைய ஆகப் பெரிய படைப்பு என்று நான் சொல்வது, சாதாரண வாத்தியக்காரனை நிமிர்ந்து உட்காரவைத்த அந்தச் சங்கத்தைத்தான். அதற்கு ரசிகர்கள் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. பிடித்த பாடலின் குழலை ஊதியவர் யார், வயலின் வாசித்தவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். இசையமைப்பாளர் பெயரைச் சொல்லும் அதே மூச்சில் அவர்கள் பெயரையும் சொல்வோம்.