கிலோமீட்டர் கணக்கும் கடன் கணக்கும்

தேசிய நெடுஞ்சாலைப் பேச்சு எந்த மேடையில் எழுந்தாலும், "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போட்டீர்கள்?" என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறது. 2013-14இல் சுமார் 12. 2020-21இல் 36க்கு மேல். மூன்று மடங்கு வேகம் என்று பாஜகவினர் மார்தட்டுகிறார்கள். எண்ணில் பொய்யில்லை. ஆனால் அந்த வேகத்துக்குப் பணம் போட்டது யார், நட்டம் வந்தால் யார் தலையில் விடியும் என்பதை அந்த எண் சொல்லாது. ஆட்சிக்கு ஆட்சி மாறியது அதுதான்.

வாஜ்பாய் அரசு எரிபொருள் வரியை நம்பியது. பெட்ரோல், டீசல் மீது செஸ் விதித்து, 2000ஆம் ஆண்டு மத்திய சாலை நிதிச் சட்டத்தால் அந்த வரவை உறுதிப்படுத்தியது. 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலை விறுவிறுவென நகர்ந்ததற்கு அதுவே காரணம். கண்காணிப்புதான் ஓட்டை. பீகார் பகுதி வேலையில் நடந்த முறைகேடுகளைப் பொறியாளர் சத்யேந்திர துபே பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டும், கடிதம் பெயரோடே மேசை மேசையாகச் சுற்றியது. 2003இல் கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றே வழக்கு முடிந்தது. கடிதம் கசிந்த கதைக்கு அது பதிலாகாது.

மன்மோகன் சிங் அரசு தனியாரை முன்னால் நிறுத்தியது: நீயே கட்டு, சுங்கம் வசூலித்துக்கொள், கெடு முடிந்ததும் ஒப்படைத்துவிடு. அரசுக்குச் செலவு குறையும்; யோசனையில் தவறில்லை. 2011-12இல் மட்டும் 7,900 கிலோமீட்டருக்கு மேல் ஒப்பந்தம். அரசுக்கே பணம் தருகிறேன் என்று நிறுவனங்கள் முண்டியடித்தன. ஆனால் நிலம் கைக்கு வரவில்லை, வனத்துறை கையெழுத்துப் போடவில்லை, வங்கிகள் கையை விரித்தன. மறு ஆண்டே ஒப்பந்தங்கள் ஏழில் ஒரு பங்காகச் சரிந்தன.

அந்தத் தேக்கத்தை உடைத்தது மோடி அரசின் உண்மையான சாதனை. 2016இல் வந்த கலப்பு ஆண்டுத்தொகை முறையில் கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தை வேலை நடக்கும்போதே அரசு தரும், மீதி தவணையாக. சுங்க வசூல் குறைந்தால் நட்டம் அரசுக்கு. ஒப்பந்தக்காரர் ஏன் தயங்கப்போகிறார்? விளைவு, 2022 மார்ச்சில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கடன் ஏறக்குறைய மூன்றரை லட்சம் கோடி ரூபாய். பிறகு புதுக்கடனை நிறுத்திவிட்டு, சுமையை பட்ஜெட்டுக்கு மாற்றினார்கள். 2014இல் சுமார் 91,000 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலை, 1.46 லட்சமாக நீண்டதில் கணிசமான பங்கு மாநிலச் சாலைக்குப் பலகை மாற்றியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாலைகளை ஆட்சிவாரியாகப் பிரிப்பதும் எளிதல்ல. நாற்கரமே 1999இல் அடிக்கல் நாட்டி 2012இல் முடிந்தது. அதை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது? சென்னைத் துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலச் சாலை இன்னும் சிக்கல். 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு 1,655 கோடி. 2012இல் அதிமுக அரசு, கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கும் என்று வேலையை நிறுத்தியது. ஆற்றுக்குள் மொட்டைத் தூண்கள் ஆண்டுக்கணக்கில் நின்றன. 2022 மே மாதம், ஈரடுக்குப் பாலமாக, 5,800 கோடிக்கு மேற்பட்ட மதிப்பீட்டில் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். நடுவில் போன பத்தாண்டுக்கும் கூடிய செலவுக்கும் டெல்லியும் கோட்டையும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் அதற்கு இடமே கிடையாது.