கண்டு வரைதலும் கேட்டு வரைதலும்

மருந்துச் செடிகளைப் படமாக்கிய பழைய ஏடுகளை அழகுப் பொருளாகப் பார்த்து வியப்போர் பலர். ஆனால் அவை அழகுக்காக எழுந்தவை அல்ல. காட்டில் நிற்கும் செடியை மருத்துவன் பிழையின்றி இனங்காண எழுந்தவை. அவற்றை மதிப்பிடும் உரைகல்லும் அதுவே.

யப்ரூஹ் என்னும் காட்டுச் செடியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் இதனை மாண்ட்ரேக் என்பர். ஷாம் நாட்டிலும் மத்தியதரைக் கடலோரங்களிலும் தரையோடு இலை விரித்து வளர்வது. நம்மூர் ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அறுவைக்கும் சூடிடுதற்கும் முன் உணர்வு மரத்துப்போக இதன் வேரைத் திராட்சை மதுவில் கலந்து கொடுத்தனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் தியாஸ்குரீதூஸ் எழுதியுள்ளார். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து.

அவருடைய நூலின் புகழ்பெற்ற படப்பிரதி ஒன்று ஏறத்தாழ கி.பி. 512-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் உருவாயிற்று. இன்று வியன்னாவில் உள்ளது. பிற்காலத்தார் செடிகளின் அரபுப் பெயர்களையும் அதில் எழுதி வைத்தனர். அதன் முகப்பு ஓவியம் ஒன்றில் ஒரு பெண் யப்ரூஹைக் கையில் ஏந்தி நிற்கிறாள், ஓவியன் அதைப் பார்த்து வரைகிறான், ஆசிரியர் எழுதுகிறார். கண்டு வரைதலுக்கு இதைவிடச் சிறந்த உருவகம் ஏது! ஆயின் அவள் ஏந்தியுள்ள வேரோ மனித உருவில் இருக்கிறது! கவைத்த வேரை மனிதனாக்கியது கண் அன்று, கட்டுக்கதை. பிடுங்கியவனுக்குச் சாவு என்ற கதைக்கேற்ப, மற்றோர் ஓவியத்தில் நாயொன்று அச்செடியின் அருகே உயிர் விடுகிறது.

இது கைத்திறக் குறையன்று. அதே ஏட்டில் உல்லைக் என்னும் காட்டு முட்செடியின் வளைந்த தண்டும் முள்ளும் இலையும் உயிரோடு நிற்கின்றன. கதை சூழாத செடியைக் கண் கண்டது. கதை சூழ்ந்த செடியைக் காது வரைந்தது.

படங்களின் குறையை ரோமானிய அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே சுட்டினார். பெயர்த்தெழுதுவோர் கையில் படம் சிதைகிறது. செடியோ பருவந்தோறும் உருமாறுகிறது. அரபியில் ‘நக்ல்’ என்ற சொல் பெயர்த்தெழுதுதலையும் குறிக்கும், கேட்டதை எடுத்துரைத்தலையும் குறிக்கும். செடிப் படத்தில் இவ்விரண்டும் ஒருங்கே இடர் செய்கின்றன.

இக்குறைக்கு விடை கண்டவர் ஸூர் நகரில் ஹிஜ்ரி 573-இல் (கி.பி. 1177) பிறந்த மருத்துவர் ரஷீதுத்தீன் இப்னுஸ் ஸூரி. மருத்துவர் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ அவர்தம் முறையை விவரிக்கிறார். வண்ணங்களுடன் ஓவியர் ஒருவரை லெபனான் மலை முதலிய இடங்களுக்கு அழைத்துச் செல்வார். செடியின் நிறம், இலை, கிளை, வேர் ஆகியவற்றைக் காட்டி வரையச் செய்வார். ஒரே செடியைத் தளிர்க்கும்போது ஒருமுறை, முற்றி விதை கொண்டபோது ஒருமுறை, உலர்ந்தபின் ஒருமுறை வரைவிப்பார். எந்தப் பருவத்தில் செடியைக் கண்டாலும் மருத்துவன் தடுமாறக் கூடாதல்லவா?

அன்னார் ஹிஜ்ரி 639-இல் (கி.பி. 1242) காலமானார். அவருடைய படநூல் நமக்குக் கிடைக்கவில்லை. மனித வேரின் ஓவியமோ பதினைந்து நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது. கலை என்ற அளவில் அவ்வோவியத்தின் சிறப்பை மறுப்பாரில்லை. எனினும் அதை நம்பி மலையேறும் மருத்துவன் அத்தகைய வேரை எங்கும் காணமாட்டான். வேறொரு வேரோடு திரும்புவானாயின் அதை உட்கொள்பவன் நோயாளியே. ஆகவே செடிப் படத்தைப் புகழுமுன், வரைந்தவர் அச்செடியை எத்தனைப் பருவங்களில் கண்டார் என்று கேட்பதே முறை.