புதுக் கூட்டாளியும் பத்து மணி வெயிலும்

பனிமலைகளில், லிஃப்ட் எதுவும் இல்லாத பக்கமாக ஏறி ஸ்கீயிங் செய்பவர்கள் நடுவில் அடிக்கடி கேட்கும் பெயர் இயான் மெக்கம்மன். 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துக்கொண்டு, விஷயம் தெரிந்தவர்களே ஏன் போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்று 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன பதில், ஆறு மனப்பொறிகள். பழகின இடம்தானே என்ற தைரியம், எடுத்த முடிவை விடாத பிடிவாதம், அடுத்தவர் மெச்சணும் என்ற ஆசை, 'அவருக்குத் தெரியும்' என்று ஒருவர் பின்னாலேயே போவது, ஆட்கள் கூட இருந்தால் வரும் துணிச்சல், யாரும் தொடாத பனியில் முதல்ல நாம இறங்கிடணும் என்ற அவசரம்.

இந்தக் கட்டுரையின் பெருமையைக் குறைக்க முடியாது. பனியை மட்டும் படித்துக்கொண்டிருந்தவர்களை, பனிமேல் நிற்கும் மனிதர்களையும் பார்க்க வைத்தது. ஆனாலும் இரண்டு இடங்களில் எனக்கு இடிக்கிறது.

முதலாவது பலரும் சொன்னதுதான். அவரிடம் இருப்பது விபத்துகளின் கணக்கு மட்டும். அதே ஆசையோடு அதே மாதிரிச் சரிவில் இறங்கி, பத்திரமாக வீடு திரும்பியவர்கள் அதில் இல்லை. விபத்தை விபத்தோடு ஒப்பிடலாம், சரி. ஆனால் ஒரு பொறி ஆபத்தை எவ்வளவு கூட்டுகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவதுதான் என் பிரச்சினை. ஏப்ரல் மாதம், இதுவரை கூடப் போயிராத ஒருவரோடு கிளம்புகிறீர்கள். இந்தப் பட்டியல் எதற்கு உதவும்? அவர் முன்னால் வீரம் காட்டாதே, அவரைக் கண்மூடி நம்பாதே என்று சொல்லும். இரண்டும் நம் தலைக்குள் நடப்பவை. வசந்தகாலத்தில் கூட்டாளி என்பவர் முதலில் ஒரு வேகம்.

ஏன் என்றால், அந்தப் பருவத்தின் ஆபத்து பெரும்பாலும் நேரத்தோடு வருவது. இரவு வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை வெளியே விட்டு இறுகிவிடும். காலை வெயிலில் மேல்பரப்பு மட்டும் கொஞ்சம் இளகும்போது கிடைப்பதுதான் எல்லாரும் தேடிப் போகும் 'கார்ன்' பனி. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தண்ணீர் உள்ளே இறங்கி, கால் புதைய ஆரம்பிக்கும், ஈரப்பனி சரியும். கிழக்குச் சரிவில் இது முதலில் நடக்கும். இரவு மேகம் மூடியிருந்தால் சரியாக இறுகவே இறுகாது.

இங்கே மெக்கம்மனைவிட வெர்னர் மூன்டர் அதிகம் உதவுகிறார். ஸ்விஸ் மலை வழிகாட்டியான இவருடைய நேரக்கணக்கு எளிது: தூரம் கிலோமீட்டரில், அதோடு ஏற்றத்தை மீட்டரில் எடுத்து 100-ஆல் வகுத்துக் கூட்டினால் வருவது அலகு, ஏறுவதற்கு மணிக்கு 4 அலகு. 5 கிலோமீட்டர், 1000 மீட்டர் ஏற்றம் என்றால் 15 அலகு, அதாவது 3 மணி 45 நிமிடம். மெதுவான ஆளுக்கு 3 என்று போட்டால் 5 மணி நேரம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் ஒருவர் 8.45-க்கு உச்சியில், இன்னொருவர் 10-க்கு. கிழக்குச் சரிவுக்கு இந்த ஒன்றேகால் மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. இதில் எந்த மனப்பொறியும் இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள், இரண்டு வேகம், அவ்வளவுதான்.

பொறி அதற்கப்புறம்தான் வருகிறது: 'லேட் ஆயிடுச்சு, திரும்பிடலாமா?' என்று புது ஆளிடம் கேட்கக் கூச்சம். இந்தக் கூச்சத்தை ஜான் பிராஞ்ச் நியூயார்க் டைம்ஸில் எழுதிய 'ஸ்னோ ஃபால்' அருமையாகக் காட்டுகிறது. 2012 பிப்ரவரி 19, வாஷிங்டன் மாநிலத்தின் டனல் கிரீக், 16 பேர், 3 பேர் மரணம். குளிர்கால விபத்துதான், ஆனால் பாடம் பொருந்தும். கூட்டம் பெரிது என்ற உறுத்தல் சிலருக்கு இருந்தது. யாரும் வாய் திறந்து நிறுத்தவில்லை. மெக்கம்மன் இதற்கு ஒரு பெயர் கொடுப்பார். பெயர் தெரிந்துவிட்டால் வாய் திறந்துவிடுமா?

திறக்காது என்றே நினைக்கிறேன். மலைமேல் தைரியம் வேண்டியிருக்கும் பேச்சை முந்தின ராத்திரியே பேசிவிடுவது சுலபம். 'ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஏறுவீங்க?' 'எத்தனை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும்?' 'ராத்திரி பனி இறுகலன்னா என்ன பண்றோம்?' அப்புறம் 9 மணிக்குத் திரும்பலாம் என்று சொல்கிறவர் பயந்தாங்கொள்ளி ஆகமாட்டார். பேசி வைத்ததை நினைவுபடுத்துகிறார். ஆறு பொறிகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்புகள் இந்த மூன்று கேள்விகளுக்கும் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.