தடுப்பவரின் விலை

மோகனூரில் காவிரி மணலில் மாலை வேளையில் கிரிக்கெட் ஆடும் பையன்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இடது கையால் சுழற்பந்து போடுகிறவன் எவனாக இருந்தாலும் அவன் பெயர் 'ஜட்டு'தான். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி அந்தப் பெயருக்குரிய ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியிருப்பதாக 2025 நவம்பர் 15 அன்று செய்தி வந்தபோது, அவர்களில் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஏனுங்கண்ணா, ஜட்டுவ விட்டுட்டாங்க?"

பாசத்தில் கேட்ட கேள்விதான். ஆனாலும் அதற்குப் பாசத்தை ஒதுக்கிவைத்துத்தான் பதில் தேட வேண்டும். வரும் ஆட்டங்களில் யார் எத்தனை ரன் அடிக்கிறார் என்பதை வைத்து இதை மதிப்பிடுவதும் சரியாகாது. முடிவெடுத்த நாளில் சென்னை சூப்பர் கிங்ஸின் கையில் என்ன இருந்தது, எது குறைந்தது என்பதே உரைகல்.

முதலில் நியாயமான பக்கத்தைப் பார்ப்போம். 2025 ஐபிஎல்லில் சென்னை 14 ஆட்டங்களில் 4-ஐ மட்டுமே வென்று, வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடத்தைப் பிடித்தது. சேப்பாக்கத்தில் தொடர்ந்து ஐந்து தோல்விகள். அதில் ஒன்றில், கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரும் ஆடி எடுத்தது 103 ரன்கள். பவர்பிளேயில் வேகம் இல்லை. விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கும் தோனிக்கு அப்போது 44 வயது. சாம்சன் தொடக்கத்தில் இறங்குவார், கீப்பிங் செய்வார், ராஜஸ்தானுக்குத் தலைமை தாங்கிப் பழகியவர். அவருக்கு அப்போது 31 வயது. ஜடேஜாவோ 37-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். 2023-ல் 20 விக்கெட் எடுத்த அவர் 2025-ல் எடுத்தது பத்துதான். 18 கோடி ரூபாய்ச் சம்பளத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் நிர்வாகத்தின் வாதம் வலுவானதே.

அடுத்து, அந்தக் கணக்கில் வராத பக்கம். 2024 ஏப்ரல் 8, சேப்பாக்கம். கொல்கத்தா முதல் 6 ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 56 ரன் எடுத்து நின்றது. ஏழாவது ஓவரை ஜடேஜா போட வந்தார். அந்த ஒரே ஓவரில் ரகுவன்ஷி, நரைன் இருவரும் வெளியே. அதன்பின் அடிக்க வந்தவர்கள் ஒற்றை ரன்களுக்குத் திண்டாடினார்கள். ஜடேஜா 4 ஓவரில் கொடுத்தது 18 ரன். கொல்கத்தா 137-ல் அடங்கியது. அன்றைக்குத்தான் அவருக்குக் 'கிரிக்கெட் தளபதி' பட்டம் கிடைத்தது. அவர் பந்தைப் பாய்ந்து பிடித்து எறிந்துவிடுவாரோ என்று பயந்து எதிரணி ஓடாமல் விட்ட இரண்டாவது ரன்கள் எந்த ஸ்கோர் அட்டையிலும் ஏறுவதில்லை. அடிப்பவரின் மதிப்பு பலகையில் எரிகிறது. தடுப்பவரின் மதிப்பை அவர் போன பிறகுதான் எண்ண முடியும்.

2025 ஆகஸ்டில் அஸ்வின் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார். சுழலுக்குப் பேர்போன சேப்பாக்கத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட அணி, மூன்று மாத இடைவெளியில் இரண்டு மூத்த சுழற்பந்து வீச்சாளர்களை இழந்தது. 2025-ல் 24 விக்கெட் எடுத்த நூர் அகமது இருக்கிறார். ஆனால் மறுமுனையைக் கட்டிப்போட ஆள் வேண்டாமா? போதாக்குறைக்கு, பரிமாற்றத்தில் சாம் கரனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரே கையெழுத்தில் இரண்டு ஆல்ரவுண்டர்கள் போனார்கள்.

விளைவு, ஒரே மாதத்தில் தெரிந்தது. டிசம்பர் 16 ஏலத்தில், அதுவரை ஐபிஎல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாத, 30 லட்சம் அடிப்படை விலை கொண்ட பிரசாந்த் வீரை 14.20 கோடிக்கு எடுத்தார்கள். அவர் இடக்கைச் சுழற்பந்து ஆல்ரவுண்டர். ராஜஸ்தானில் ஜடேஜா ஒப்புக்கொண்ட சம்பளம் 14 கோடி! அதே தொகையான 14.20 கோடிக்கு கார்த்திக் சர்மா என்ற இளம் கீப்பரையும் எடுத்தார்கள். சாம்சனை வாங்கியதே கீப்பருக்காகவும்தான் என்றால், இந்தச் செலவு எதற்கு?

கூடைப்பந்தில் இதற்கு ஒரு பாடம் உண்டு. வளையத்துக்கு அடியில் நின்று தடுப்பதையே தொழிலாகக் கொண்ட ரூடி கோபேரை, 2022-ல் யூட்டா ஜாஸ் அணி மினசோட்டாவுக்குக் கொடுத்தது. மினசோட்டா ஏமாந்துவிட்டது என்று அப்போது பலர் பேசினார்கள். அதே அணி 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் மேற்குப் பிரிவு இறுதிவரை சென்றது. தடுப்பவரை வாங்கியவர் நட்டப்படவில்லை. கொடுத்த யூட்டாவும் ஒன்றில் கவனமாக இருந்தது: வாக்கர் கெஸ்லர் என்ற இளம் தடுப்பாட்டக்காரரை அந்தப் பரிமாற்றத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டது. சென்னை செய்யத் தவறியது இதைத்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. சாம்சனை வாங்கியது சரி. ஜடேஜாவைக் கொடுத்ததைக்கூட வயதைக் காட்டி ஏற்கலாம். ஆனால் அவர் இடத்துக்கு ஆளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கொடுத்தது பிழை. அதன் விலை 14.20 கோடி ரூபாய், கூடவே ஓர் இருபது வயது இளைஞனின் தோளில் ஏற்றிய பெரும் சுமை. பிரசாந்த் வீர் முதல் ஆட்டங்களில் தடுமாறினால் ரசிகர்கள் அவரைத் திட்ட வேண்டாம். தளபதியாக வளர ஜடேஜாவுக்கே பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.