போலச்செய்தலும் மெய்ச்சுற்றும்: இலவசச் செய்நிரல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

கலை என்பது போலச்செய்தல் என்னும் அரித்தோட்டிலின் கருத்தை நம் மாணவர் நன்கறிவர். இச்சொல் இன்று இலக்கிய விமரிசனத்தின் எல்லையைக் கடந்து இலத்திரனியல் ஆர்வலரின் மேசைக்கும் பொருந்துவதாகிவிட்டது. தடையி, கொள்ளளவி, திரான்சிற்றர் ஆகியவற்றைப் பற்றாசு கொண்டு இணைக்குமுன், சுற்று எவ்வாறு இயங்கும் என்பதைக் கணினியிற் போலச்செய்து காட்டும் செய்நிரல்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் எதனைத் தெரிவது என்ற வினாவுக்கு வசதிகளின் பட்டியலே பெரும்பாலும் விடையாகத் தரப்படுகின்றது. அது போதாது. அச்செய்நிரல் எவ்வளவு மெய் சொல்கிறது, எவர் நலன் கருதி இலவசமாயிற்று என்னும் இரு வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும்.

இவற்றுட் பலவற்றின் மூதாதை ஸ்பைஸ் என்னும் செய்நிரலாகும். கலிபோர்ணியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில், லோரன்ஸ் நாகெல் என்ற ஆய்வு மாணவர் உருவாக்கிய இது 1973 இல் வெளியிடப்பட்டது. சுற்றின் ஒவ்வொரு கணுவிலும் கேர்ச்சோவின் மின்னோட்ட விதியை எழுதி, அச்சமன்பாடுகளை நியூற்றனின் முறைப்படி மீண்டும் மீண்டும் திருத்தித் தீர்ப்பதே அதன் அடிப்படை. அது பொதுச்சொத்தாக இருத்தல் வேண்டும் என்பதிற் பெடர்சன் உறுதியாக நின்றார். அவ்வுறுதி இல்லாதிருப்பின், இன்றைய இலவசச் செய்நிரல்களுட் பல தோன்றியிரா எனலாம்.

ஆயினும், இலவசம் வேறு, கட்டற்றமை வேறு. எல்.ரீ.ஸ்பைஸ் இதற்குத் தக்க சான்று. மைக் எங்கல்ஹார்ட் ஆக்கிய இச்செய்நிரலை லீனியர் ரெக்னோலஜி நிறுவனம் 1999 இல் விலையின்றி வெளியிட்டது. 2017 இல் அந்நிறுவனம் அனலொக் டிவைசஸ் நிறுவனத்துடன் சேர்ந்தது. வேகத்திலும் நுட்பத்திலும் இது குறைகூறற்கரியது. சுற்றின் அளவுக்கு வரம்பு விதிப்பதுமில்லை. ஆனால், அதன் நூலகத்தில் அந்நிறுவனத்தின் சில்லுகளே மேலோங்கி நிற்கின்றன; பிறர் சில்லுகளின் மாதிரியுருக்களை நாமே தேடிச் சேர்த்தல் வேண்டும். மூல நிரலோ மூடப்பட்டுள்ளது. சில்லு விற்போர் தரும் இக்கொடையை ஏற்பதிற் பிழையில்லை. கொடையின் நோக்கத்தை அறியாது ஏற்பதே பிழை.

மைக்ரோகாப் என்னும் செய்நிரலின் கதை இன்னொரு பாடத்தைத் தருகின்றது. ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கப்பட்ட அதனை, ஆக்கிய நிறுவனம் 2019 இல் தன் பணியை நிறுத்தியபோது இலவசமாக்கிற்று. மூல நிரல் வெளியிடப்படாமையால், அதனைத் திருத்தவோ வளர்க்கவோ எவராலும் இயலவில்லை. இன்றும் அது பயன்தரும். எனினும், வளர்ச்சி நின்ற மரமே அது.

இவற்றுக்கு மாறாக, பெர்க்லியின் மூன்றாம் ஸ்பைஸ் வழிவந்த என்.ஜீ.ஸ்பைஸின் மூல நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். தனித்து நின்றவரை அது கட்டளை வரிகளால் தொடக்கநிலையாளரை அஞ்சச் செய்தது உண்மையே. 2018 இல் வெளிவந்த கீகாட் ஐந்தாம் பதிப்பு அதனைத் தன்னுள் இணைத்த பின்னர், ஒரே வரைபடத்தைக் கொண்டு சுற்றைச் சோதிக்கவும் அச்சுப்பலகையை வடிவமைக்கவும் இயல்கின்றது. மாதிரியுருக்களைப் பொருத்துவதில் இன்னும் பொறுமை வேண்டும்.

போல் ஃபோல்ஸ்ராட் ஆக்கிய செய்நிரல் வேறொரு வகையினது. மின்னோட்டத்தை நகரும் புள்ளிகளாகவும் மின்னழுத்தத்தை நிறங்களாகவும் அது காட்டுகின்றது. அதன் மாதிரியுருக்கள் எளிமையானவை. நுண்ணிய வடிவமைப்புக்கு அவை போதா. ஆனால், கொள்ளளவி மின்னேறுவதைக் கண்ணாற் கண்டு விளங்கிக்கொள்ள விழையும் மாணவனுக்கு அதனினும் சிறந்த ஆசான் அரிது.

இனி, மெய்ம்மை பற்றிய வினா. ஒளிகாலும் இருவாயி ஒன்றைத் தடையியின்றி 9 உவோற்று மின்வழங்கியுடன் இணைத்தால், இச்செய்நிரல்கள் பொதுவாகப் பெரியதொரு மின்னோட்டத்தை அமைதியாகக் கணித்துக் காட்டும். மேசையிலோ அவ்விருவாயி கருகும். இரு திரான்சிற்றர்கள் மாறிமாறி இயங்கும் அலையியற்றியை முற்றிலும் சமச்சீராக வரைந்தால், கணினியில் அது சிலவேளை தொடங்குவதேயில்லை. இரு பக்கமும் சமனாகி நின்றுவிடும். மெய்யுலகில் இரு திரான்சிற்றர்கள் முற்றும் ஒத்திருப்பதில்லை. அவ்வேறுபாடும் மின் இரைச்சலுமே அதனைத் தொடக்கிவைக்கின்றன. போலச்செய்தல் தவறுவது ஈண்டு அதன் குறைபாட்டினால் அன்று, அதன் நிறைவினால் என்பது நோக்கற்பாலது. தொடக்க நிலை மின்னழுத்தத்தை நாமே குறிப்பிட்டால் கணினியிலும் அது இயங்கும். அவ்வாறு குறிப்பிடல் வேண்டுமென்பதை அறிய, சுற்றை விளங்கியிருத்தல் வேண்டும்.

ஆகவே, முதலிற் கற்போன் ஃபோல்ஸ்ராட்டின் செய்நிரலை நாடுக. மின்வழங்கிகளையும் விரியலாக்கிகளையும் துல்லியமாக ஆராய்வோன் எல்.ரீ.ஸ்பைஸைக் கொள்க. தன் உழைப்பு ஒரு நிறுவனத்தின் விருப்பத்தில் தங்கியிருத்தல் ஆகாது எனக் கருதுவோன் என்.ஜீ.ஸ்பைஸையும் கீகாட்டையும் பயில்க. ஒன்றையே தெரிதல் வேண்டுமெனின், யான் இறுதியிற் கூறியதையே தெரிவேன். கற்பதற்கு அது கடினமாயினும், கற்றது நம் கையிலேயே நிற்கும். எதனைத் தெரிந்தாலும், திரையிற் கண்ட விடையைப் பன்மானியால் ஒருமுறை அளந்து பார்த்தல் வேண்டும். விடைகள் இரண்டும் வேறுபடும் இடத்திலேதான் கல்வி தொடங்குகின்றது.